பேசாத வெள்ளிக்கிழமைகள்

மோல்வீக்,
நவம்பர் 12

ஐவிண்ட்,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுக்க மாட்டாய். ஆபீஸ் மின்னஞ்சலில் எழுதினால் அது பொதுக் காகிதமாகிவிடும். எந்தப் பத்திரிகைக்காரன் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் தபால்தலை வாங்கி உன் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். கையால் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது, கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி.

போன வாரம் நுரையீரல் மருத்துவர் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவைக் கூப்பிட்டார். உங்கள் தீவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். ஐம்பதைத் தாண்டியவள், மாதக்கணக்காக இருமல். இங்கே சிடி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். வலது நுரையீரலில் பெரிய நிழல். அது புற்றுநோய்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இடது பக்கம் மேலே ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது, சந்தேகமெல்லாம் அதில்தான். அதுவும் அந்த நோயிலிருந்து வந்தது என்றால் பரவிவிட்டது என்று அர்த்தம், வெட்டி எடுத்துப் பயனில்லை. பழைய தழும்பு என்றால் வலது பக்கத்தை வெட்டி எடுக்கலாம், அவள் பிழைக்க வழி உண்டு. புள்ளி இருக்கும் இடத்துக்குச் சதை எடுத்துப் பார்க்கும் ஊசி போகாதாம். முன்பு எடுத்த படம் ஒன்று கிடைத்தால், அப்போதே அது இருந்ததா, அப்போதைக்கு இப்போது வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

"ஸ்கார்வோய்ல எப்பவாவது எடுத்த படம் இருக்குதான்னு தேடிப் பாருங்க" என்றார். அவள் பிறப்பு எண்ணைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. சர்வரைக் கேட்டால், அது வந்த நாளிலிருந்து இந்தப் பெண் ஒரு தடவைகூட எக்ஸ்ரே முன்னால் நின்றதில்லை என்கிறது.

எனக்கு மனசு ஆறவில்லை. சர்வரின் பழைய கிடங்கைத் திறந்து உங்கள் மெஷினிலிருந்து வந்த, யாருடையது என்று தெரியாத அநாதைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஜூன் மாதம் ஒரு மார்பு எக்ஸ்ரே. தற்காலிக எண். பெயர் இல்லை, டாக்டர் சீட்டு இல்லை. ஆனால் இடது காறை எலும்பில் ஒரு பழைய உலோகத் தகடு, அதில் ஒரு திருகு கோணல். இங்கே எடுத்த சிடி ஸ்கேனிலும் அதே தகடு, அதே கோணல் திருகு.

எனக்கு மட்டும் தெரிந்தால் பயனில்லை. பெயரில்லாத படத்துக்குப் பெயர் வைக்க எடுத்தவன் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் எந்த மருத்துவரும் அதைத் தொட மாட்டார்.

அந்தப் பெண் டோருன் பாக்கயோர்ட். உங்கள் படகுக் காப்பிக் கடையில் வாஃபிள் சுடுகிறவள். அவளைப் பற்றி நீ எனக்கு எத்தனை வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறாய். ஜூன் படம் அவளுடையதா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

குன்வோர்


ஸ்கார்வோய்,
நவம்பர் 19

குன்வோர்,

காற்று பலமாக இருந்ததால் படகு வரவில்லை. கடிதம் நேற்றுதான் கிடைத்தது.

நான் நிறையப் படம் எடுக்கிறேன். ஜூன் என்றால் தீவு முழுக்க வெளியூர்க்காரர்கள். பாறையில் ஏறி விழுகிறார்கள், விரலில் தூண்டில் முள்ளை ஏற்றிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நம் நாட்டுப் பிறப்பு எண் ஏது, தற்காலிக எண்தான். காறை எலும்பில் தகடு வைத்தவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. படகுத் தளம் வழுக்கும்.

நீ எழுதுவாய் என்று தெரியும், ஆனால் மன்னிப்புக் கேட்டு எழுதுவாய் என்று நினைத்தேன். மே மாதக் கூட்டத்தை ஒரு வரியில்கூடத் தொடாமல் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாயே, அது ஒரு திறமைதான்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். எல்லா ஊர் மருத்துவமனை ஆட்களும் உட்கார்ந்திருந்த கூடம். திரையில் ஸ்கார்வோய் என்ற பெயர் மட்டும் சிவப்பில். "ஸ்கார்வோய்ப் படங்கள் குடிகாரன் போட்ட தபால் மாதிரி. வந்து சேந்துடும், யாருக்குன்னு மட்டும் தெரியாது." கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பாதிரியாரின் நாய்க் கதையை எடுத்துவிட்டாய். நாய்க்கு எக்ஸ்ரே எடுத்துத் தற்காலிக எண்ணில் அனுப்பியதை நான் சொன்னது உனக்கு. உனக்கு மட்டும். எங்கள் மருத்துவமனைத் தலைவர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தார். திங்கட்கிழமை காலை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

உன் நெட்வொர்க் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்றால், அதையே கேட்டுத் தெரிந்துகொள்.

ஐவிண்ட்


மோல்வீக்,
நவம்பர் 23

ஐவிண்ட்,

நாயைச் சொன்னது தப்பு. குடிகாரன் என்று சொன்னதும் தப்பு. மேடையில் நின்றதும் பயந்துவிட்டேன், சிரிக்க வைத்துவிட்டால் பயம் தெரியாது என்று நினைத்தேன். கையில் இருந்ததிலேயே நல்ல சிரிப்பு நீ கொடுத்ததுதான், எடுத்துச் செலவழித்துவிட்டேன். இதை மே மாதமே எழுதியிருக்க வேண்டும். இரண்டு வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை போன்மேல் கை வைத்து, "இவனுக்கு இவ்வளவு திமிரா" என்று கையை எடுத்துவிட்டேன். என் பங்கு அது.

நாம் இரண்டே தடவைதான் நேரில் பார்த்திருக்கிறோம். மீதியெல்லாம் குரல்தான். எத்தனை வருஷமாக நடந்தது அந்த வெள்ளிக்கிழமைப் போன். நான் வாரத்து அநாதைகளை ஒவ்வொன்றாகப் படிப்பேன். "முழங்கால், வயசானவர், செவ்வாய் காலைல" என்பேன். "அது நம்ம ஓட்டோ, ஏணியிலேர்ந்து விழுந்தான், பழைய நம்பரைக் கொடுத்திருப்பான்" என்பாய். சீட்டே இல்லாத படம் வந்தால் ஒரு நிமிஷம் சும்மா இருப்பாய். நான் யாருடையது என்று கேட்க மாட்டேன், எழுந்துபோய் மருத்துவர் யாரையாவது இழுத்து வந்து திரை முன்னால் உட்கார வைப்பேன். பிறகு நீ அன்றைக்குப் படகில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்வாய். எங்கள் மேலதிகாரி யால்மருக்கு இது எதுவுமே தெரியாது. படங்களை எல்லாம் மென்பொருள் தானாகவே சேர்த்துவைக்கிறது என்று அந்த மனிதர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

தீவில் சீட்டில்லாமல் படம் எடுப்பது ஏன் என்று எனக்குப் புரியாமலில்லை. டாக்டர் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருகிறார், அதிலும் பாதி நாள் காற்று. இருமுகிறவள் கண் முன்னால் காப்பி ஊற்றுகிறாள், எக்ஸ்ரே அறைச் சாவி உன்னிடம் இருக்கிறது. யாராக இருந்தாலும் "வா, ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்" என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் இது நாய் இல்லை. மருத்துவர்கள் டிசம்பர் நடுவில் கூடி அவளைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். பழைய படம் இல்லை என்றால் பரவிவிட்டது என்றே எழுதுவார்கள், மருந்து மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். படம் இங்கே என் கையில் இருக்கிறது. அதில் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று நானும் பார்த்தேன், இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் நான் கம்ப்யூட்டர்க்காரி, என் கண்ணை யார் நம்புவார்கள்.

என்மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொள். அவள் பெயரை மட்டும் கொடு.

குன்வோர்


ஸ்கார்வோய்,
நவம்பர் 28

அவள்தான்.

எழுதிவிட்டேன், ஆனால் கையெழுத்துப் போட முடியாது. எச்சரிக்கைக் கடிதத்தில் அடுத்த தடவை என்றால் வேலை இல்லை என்று போட்டிருக்கிறார். அது மே மாதம். நான் படம் எடுத்தது ஜூன் மாதம். தலைவருக்கு விரலை மடக்கி எண்ணக்கூடத் தேவையில்லை. இந்தத் தீவில் எக்ஸ்ரே மெஷின் ஒன்றுதான், எனக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான். இந்த வயதில் மீன் பெட்டி தூக்கப் போக முடியாது.

வேறு வழி இருக்கும், யோசித்துப் பார். நீ சர்வரில் எத்தனையோ செய்கிறாய்.

வேலை மட்டும் இல்லை, இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத முடியவில்லை.

ஐவிண்ட்


மோல்வீக்,
டிசம்பர் 1

ஐவிண்ட்,

வேறு வழி யோசித்தேன். கள்ளத்தனமாக அவள் பிறப்பு எண்ணை அந்தப் படத்தில் ஏற்ற எனக்கு ஒரு நிமிஷம் போதும். மாற்றியது யார் என்று அதுவும் பதிவாகும், அதுகூடப் பரவாயில்லை. ஆனால் எடுத்தவன் உறுதி சொல்லாத படத்தை நம்பி ஒருத்தியின் நெஞ்சைத் திறக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தகடு ஒன்றாக இருக்கலாம், ஆள் வேறாக இருந்தால்? நீ கண்ணால் பார்த்து எடுத்தாய். நான் திருகைப் பார்த்து ஊகிக்கிறேன்.

நீ எழுத முடியாததை எழுதுவதற்கு முன்னால் நான் என்னுடையதை எழுதிவிடுகிறேன். உனக்கு எழுத்து வரட்டும்.

ஜூன் கடைசியில் யால்மர் என் மேஜைக்கு வந்தார். ஜூலையில் நாடே கதவைச் சாத்திக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் போய்விடும், நானும் போக வேண்டும். அநாதைப் படங்களின் வரிசை நீண்டுகொண்டே போவதைத் திரையில் பார்த்து, "லீவுக்குப் போறதுக்குள்ள இத பூஜ்யமாக்க முடியுமா?" என்று கேட்டார். முன்பு என்றால், "வெள்ளிக்கிழமை ஐவிண்டைக் கேட்டால் பாதி குறையும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்போது உன்னோடு பேச்சில்லை. ஒரு விதி எழுதினேன். இரண்டு வாரம் யாரும் கேட்டு வராத படம் தானாகவே பழைய கிடங்குக்குப் போய்விடும், எச்சரிக்கை மணியும் அடிக்காது. மத்தியானத்துக்குள் வரிசை பூஜ்யம்.

யால்மர் கேக் வாங்கி வந்தார். நம் ஊர் வழக்கம்தான், எது முடிந்தாலும் கேக். மார்ஸிபான் என்ற பச்சைப் பாதாம் பசை பூசிய கேக், மேலே ஒரு பெரிய பூஜ்யம் எழுதியிருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன், ஐவிண்ட். அந்தப் பூஜ்யத்துக்குள் அவள் இருந்தாள்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. படத்துக்குப் பெயர் வந்தால் அது ஏன் கிடங்கில் கிடந்தது என்று கேட்பார்கள், விதியை எழுதியது யார் என்று கேட்பார்கள். நவம்பரில் உனக்கு எழுதிய கடிதத்தில் உன் கையெழுத்து இல்லாததுதான் தடை என்பது போல எழுதியிருந்தேன். உண்மையில் கடிதத்தைப் பெட்டியில் போட்ட பிறகு, நீ மறுத்துவிட்டால் நல்லது என்று ஒரு பக்கம் நினைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன். என் வெட்கக்கேடு அது.

வியாழக்கிழமை யால்மரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன். அதை நீதான் சொல்ல வேண்டும்.

குன்வோர்


ஸ்கார்வோய்,
டிசம்பர் 6

குன்வோர்,

கையெழுத்துப் போட்ட காகிதம் இந்த உறையிலேயே இருக்கிறது. அவள் பெயர், பிறப்பு எண், எடுத்த நாள், என் பெயர். முதலில் அதை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் படி.

எழுத முடியாதது இதுதான். ஜூனில் அந்தப் படம் திரையில் வந்ததும் நானும் பார்த்தேன். வலது பக்கம், இதயத்துக்கு ஓரமாக, கட்டைவிரல் நக அளவில் ஒரு வெண்மை. விலா எலும்புகள் குறுக்கே வந்தாலும் அப்படித் தெரியும். எத்தனையோ தடவை தெரிந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. படத்தைப் படிப்பது என் வேலை இல்லை, நான் எடுக்கிறவன் மட்டும், இப்படிச் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்தியது. உன்னைக் கூப்பிட்டு, "இத யாராவது ஒருத்தர்கிட்ட காட்டு" என்று சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அந்தக் கூடம் சிரித்த சத்தம் காதில் வந்தது. வைத்துவிட்டேன்.

ஏதாவது இருந்தால் குன்வோரே கூப்பிடட்டும் என்று நினைத்தேன். நீ எப்போதும் கூப்பிடுவாயே. எங்கே இருந்தாலும், யாரோடு சண்டையாக இருந்தாலும், படத்தில் ஏதாவது இருந்தால் நீ கூப்பிடாமல் இருந்ததில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இன்னொரு வாரம் பார்த்தேன். நீ கூப்பிடவில்லை. அப்படியென்றால் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். படகில் காப்பி வாங்கும்போது டோருனிடம் சொன்னேன், "ஒண்ணும் இல்ல. பெரிய ஆஸ்பத்திரில பாத்துட்டாங்க." வாஃபிள்மேல் எனக்கு மட்டும் இரண்டு சீவல் பழுப்புச் சீஸ் வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன். நீ கேக், நான் வாஃபிள்.

அதன் பிறகு அவள் டாக்டரிடம் போகவே இல்லை. இருமல் வந்தபோதெல்லாம், "படம் எடுத்துப் பாத்தாச்சு" என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். என் பேச்சை நம்பித்தான் ஐந்து மாதம் இருமிக்கொண்டிருந்தாள்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். இப்போது படகு வேலைக்குப் போவதில்லை. சமையலறையில் உட்கார்ந்து படகிலிருந்து கொண்டுவந்த வாஃபிள் அச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், காப்பி ஊற்றினாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்போ அந்தப் படத்த பாத்தது யாரு?" என்றாள்.

"யாரும் பாக்கல."

"ஒண்ணும் இல்லன்னு சொன்னியே."

"அங்கேர்ந்து யாரும் கூப்பிடல. அதான் சொன்னேன்."

அச்சைக் கீழே வைத்தாள். "எங்கப்பா கடலுக்குப் போன அன்னைக்கும் யாரும் கூப்பிடலதான்" என்றாள்.

அவள் அப்பாவின் உடல் கிடைக்கவே இல்லை, உனக்குத் தெரியாது. தீவில் எல்லோருக்கும் தெரியும்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. பிறகு, "இப்ப அந்தப் படத்தால எனக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டாள். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன், அந்தப் புள்ளியைப் பற்றி. உன் பெயரையும் சொன்னேன். நாய்க் கதையால் நமக்குள் சண்டை என்றும், அதனால்தான் பேசிக்கொள்ளவில்லை என்றும் சொன்னேன். அதைக் கேட்டபோதுதான் அவள் முகம் மாறியது. நோயைக் கேட்டபோது மாறாத முகம்.

"ஒரு நாய்க்காகவா?" என்றாள். "சரி, போ. போய்க் கையெழுத்தப் போட்டு அனுப்பு. நாளைக்கு ராத்திரி காத்து வருது, படகு நின்னுடும். அனுப்பிட்டு இந்தப் பக்கம் வராத."

இந்தக் கடிதம் அவள் படகில்தான் வருகிறது. இப்போது போய்த் தலைவரைப் பார்க்கிறேன்.

ஐவிண்ட்


மோல்வீக்,
டிசம்பர் 18

ஐவிண்ட்,

நேற்று மருத்துவர்கள் கூடினார்கள். படத்தைத் திரையில் போட வேண்டியவள் நான்தான், அதனால் அறையில் இருந்தேன்.

ஜூன் படமும் நவம்பர் ஸ்கேனும் பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கத்துப் புள்ளி ஜூனிலேயே இருக்கிறது. அளந்து பார்த்தார்கள், கொஞ்சம்கூட வளரவில்லை. வலது பக்கத்தது வளர்ந்திருக்கிற வேகத்துக்கு, இது அதன் சொந்தம் என்றால் சும்மா இருந்திருக்காது. பழைய தழும்பு என்று முடிவு செய்தார்கள். ஜனவரியில் அறுவை சிகிச்சை. உன் கையெழுத்து இல்லாவிட்டால் நேற்று அந்த அறையில் அவள் கதையை முடித்திருப்பார்கள்.

இதோடு நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். நுரையீரல் மருத்துவர் ஜூன் படத்தில் வலது பக்கத்தைக் காட்டி, யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல், "இத அப்பவே பாத்திருந்தா சின்ன வேலையா முடிஞ்சிருக்கும். இப்ப பாதி நுரையீரல எடுக்கணும்" என்றார். மவுஸ் என் கையில் இருந்தது. அடுத்த நோயாளியின் படத்துக்குப் போகச் சொன்னார்கள். எனக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

யால்மரிடம் சொல்லியாகிவிட்டது. திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. "நான்தானே பூஜ்யம் கேட்டேன்" என்றார். விதியை எடுத்துவிட்டோம். விசாரணை உண்டு, மேலே எழுதிவிட்டார்கள். என்னை வேறு வேலைக்கு மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். அவர்களுக்கு இப்போது பெரிய குழப்பம் என்னவென்றால், ஜூனுக்கு முன்னால் இந்தப் படங்களெல்லாம் எப்படிச் சரியான இடத்துக்குப் போயின என்பதுதான். எந்த ஆவணத்திலும் இல்லை. "நாங்கள் போனில் பேசிக்கொள்வோம்" என்றேன். விசாரணைக்கு வந்து எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை நிறுத்திவிட்டு, அவ்வளவுதானா என்று கேட்டான். அவ்வளவுதான்.

உன் வேலை என்ன ஆயிற்று? டோருன் அறுவைக்கு வரும்போது வார்டுக்குப் போய் என் முகத்தைக் காட்டலாமா என்று நினைத்தேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவளுக்காக இல்லை, எனக்காகத்தான். அதனால் போகப் போவதில்லை.

குன்வோர்


ஸ்கார்வோய்,
பிப்ரவரி 20

குன்வோர்,

வேலை இருக்கிறது. தலைவர் என்னை அனுப்பிவிட்டால் மெஷினை இயக்க ஆளில்லை, விளம்பரம் போட்டும் யாரும் வரவில்லை. விசாரணை முடியும் வரை இரு என்றிருக்கிறார். எனக்கு அது நிம்மதியாக இல்லை. துரத்தியிருந்தால் ஏதோ கொடுத்துத் தீர்த்த மாதிரியாவது இருந்திருக்கும்.

இன்று டோருன் வந்தாள். அறுவைக்குப் பிறகு முதல் எக்ஸ்ரே, முறையான சீட்டோடு. பாதி ஆளாகிவிட்டாள், படி ஏறியதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தீவில் வேறு மெஷின் இருந்தால் அதற்குத்தான் போயிருப்பாள். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பலகை முன்னால் நின்றாள். வழக்கமாகச் சொல்வதை நான் சொல்ல வேண்டும். "மூச்சை இழுத்துப் புடி." ஜூனில் இதைச் சொன்னபோது, "நான் என்ன முத்துக் குளிக்கவா போறேன்" என்று சிரித்தவள். இன்று முழுசாக இழுக்க முடியவில்லை. இழுக்கிற வரை காத்திருந்தேன்.

படம் முடிந்தது. கோட்டை மாட்டிக்கொண்டாள், தொப்பியையும் போட்டாள். போகவில்லை. என் மேஜைப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப போன் பண்ணு" என்றாள்.

பதில் வர நாளாகும், வந்ததும் சொல்கிறேன் என்றேன்.

"நீ அப்புறம் வந்து சொல்றத நான் கேக்கப் போறதில்ல. அந்தப் பொம்பளையக் கூப்பிடு. யாராவது பாத்துட்டு, பாத்தேன்னு அங்கேர்ந்து வாயால சொல்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து எந்திரிக்க மாட்டேன்."

உன் எண்ணை நான் எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை. மீதி உனக்கே தெரியும்.

ஐவிண்ட்


மோல்வீக்,
பிப்ரவரி 24

ஐவிண்ட்,

திரையில் உன் எண் வந்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நீ வணக்கம்கூடச் சொல்லவில்லை. பிறப்பு எண்ணைப் படித்தாய். நான் திருப்பிப் படித்தேன். "சரி" என்றாய். மே மாதத்துக்குப் பிறகு நாம் பேசிய முதல் பேச்சு அது.

ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். நுரையீரல் மருத்துவர் ரொட்டியும் சால்மன் மீனுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இப்பவா?" என்றார். "அவங்க அங்க உக்காந்திருக்காங்க" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார், நிதானமாக, இரண்டு பக்கமும். அவர் சொன்னதை நான் உனக்கு அப்படியே சொன்னேன். அப்போது உன் பக்கத்தில் ஒரு குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, "என்ன சொல்றா?" என்று கேட்டது. அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பெண்ணைப் பற்றி இத்தனை வருஷம் கதை கேட்டிருக்கிறேன், குரல் இப்படி இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

நீ ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். "டாக்டர் பாத்துட்டாரு. பாத்துட்டு, புதுசா ஒண்ணும் இல்லன்னு சொல்றாரு" என்றாய். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நன்றி என்றோ வேறு எதுவோ அவள் சொன்னதாகக் கேட்கவில்லை. சொல்லாததும் நல்லதுதான். சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் தூக்கம் போயிருக்கும்.

அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைப் போன் மறுபடியும் உண்டு. யால்மர் இப்போது அதை முறையான வேலை நேரமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார், இனிமேல் திருட்டுப் போன் இல்லை. காலையில் வழக்கமான நேரத்தில் கூப்பிடுவேன். உனக்கு என்மேல் கோபம் இருந்தால் கோபத்தோடு எடு. எனக்கும் உன்மேல் கொஞ்சம் இருக்கிறது, நானும் அதோடுதான் பேசப் போகிறேன். அநாதை ஒன்றுகூட இல்லாத வாரமாக இருந்தாலும் கூப்பிடுவேன். ஒன்றும் இல்லை என்பதை ஒருத்தருக்கொருத்தர் வாயால் சொல்லிவிட்டு வைத்துவிடலாம்.

குன்வோர்